வெளிநாட்டுப் பணம் ஊருக்கு நல்லதா?

வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டை வளர்க்குமா, விலைவாசியைத்தான் ஏற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நடக்கும். 2022இல் இந்தியாவுக்கு இப்படி வந்தது 100 பில்லியன் டாலருக்கும் மேல். இறக்குமதிச் செலவைச் சமாளிக்க அந்த டாலர் பெரிதும் கைகொடுக்கிறது.

ஆத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்கு துபாய்ப் பணம் வந்தால், முதலில் அடகு நகை மீட்கப்படும். அப்புறம் கந்துவட்டி, தங்கையின் காலேஜ் ஃபீஸ். இதை வீண்செலவு என்பவர்களை என்னால் ஏற்கவே முடியாது. வட்டி கட்டுவது நின்றாலே பாதி பாரம் குறையும். மழை பொய்த்த வருஷத்திலும் இந்தப் பணம் வரும்.

ஆனால் எல்லோரும் மனையிலேயே போட்டால் நில விலை ஏறி, உள்ளூர்க் கூலிக்காரருக்கு எட்டாது. அதையே ஒரு தறியிலோ, சேலத்துக் கொலுசுப் பட்டறையிலோ போட்டால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும். அதற்கு வங்கிக் கடனும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.