முடிச்சு நழுவ வேண்டும்: டாட்டிங் டாய்லி குறித்து வாசகர் கேள்விகள்

டாட்டிங் என்பது நூலில் வரிசையாக முடிச்சுகள் போட்டு லேஸ் செய்யும் கைவேலை. நூல் சுற்றிய சிறு படகு வடிவக் கருவியே ஷட்டில், இந்த லேஸால் ஆன வட்டமான சிறு மேசை விரிப்பே டாய்லி. டாட்டிங் லேஸ் செய்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளைப் படித்தபோது, பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டேன். முடிச்சுகளைத் தாங்கும் நடுநூல் அவற்றுக்குள் தடையின்றி ஓடுகிறதா என்பதே அந்த இடம். ஆகவே அதைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கான பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஷட்டிலால் பத்துப் பன்னிரண்டு முடிச்சுகள் போட்டுவிட்டு நூலை இழுத்தால் வளையம் மூடுவதில்லை. படத்தில் இருப்பதைப் போலவேதான் போடுகிறேன். எங்கே தவறுகிறேன்?

உங்கள் கை அசைவு சரியாகவே இருக்கலாம். தவறு அனேகமாக அசைவுக்கு அடுத்த நொடியில் நிகழ்கிறது. ஷட்டிலைக் கை நூலுக்கு (இடக்கை விரல்களைச் சுற்றியிருக்கும் நூலுக்கு) அடியில் செலுத்தி மேலாகத் திரும்ப எடுக்கும்போது, ஷட்டில் நூல்தான் கை நூலைச் சுற்றி வளைந்து நிற்கும். அப்படியே இறுக்கிவிட்டால் அது இறுகிப்போன சாதாரண முடிச்சாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் நகராது. இறுக்குவதற்கு முன் இடக்கை விரல்களைத் தளர்த்திவிட்டு, வலக்கையால் ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது ஷட்டில் நூல் நேராகி நடுநூலாகிவிடும். அதிலிருந்த வளைவு கை நூலுக்கு இடம் மாறிவிடும். விரலுக்கடியில் ஒரு சிறு துள்ளலாக இதை உணரலாம். அதற்குப் பிறகே இடக்கை நடுவிரலை உயர்த்தி அந்த அரை முடிச்சை உரிய இடத்துக்குத் தள்ள வேண்டும். இதே போல எதிர்த்திசையில் இன்னொரு அரை முடிச்சு சேர்ந்தால்தான் ஓர் இரட்டை முடிச்சு நிறைவடையும்.

வளைவு இடம் மாறியதா என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஷட்டிலில் ஒரு நிறமும் கையில் வேறொரு நிறமுமாக இரண்டு நூல்களை எடுத்து, ஒரு சங்கிலி (வளையமாக மூடாமல் விடும் முடிச்சு வரிசை) போட்டுப் பாருங்கள். முடிச்சுகள் முழுவதும் கை நூலின் நிறத்திலேயே இருக்க வேண்டும். ஷட்டில் நூலின் நிறம் எங்கே புள்ளியாகத் தலைகாட்டுகிறதோ, அந்த முடிச்சு மாறவில்லை என்று பொருள். வளையத்தில் இருபது முடிச்சுகள் சரியாக அமைந்து ஒரேயொரு அரை முடிச்சு தவறினாலும் முழு வளையமும் பூட்டிக்கொள்ளும் என்பதால், ஒவ்வோர் இரட்டை முடிச்சு முடிந்ததும் ஷட்டில் நூலை லேசாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். மாறாத முடிச்சை மழுங்கிய ஊசியால் உடனே அவிழ்த்துவிடலாம். நான்கு முடிச்சுகள் கடந்துவிட்டால் அது பெரும் வேலையாகிவிடும்.

ஊசியால் செய்தால் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்களே. டாய்லிக்கு ஷட்டில் நல்லதா, ஊசி நல்லதா?

உண்மைதான். ஊசி முறையில் முடிச்சுகள் நேரடியாக ஊசியின் மேலேயே வரிசையாக ஏறுவதால் வளைவு இடம் மாற வேண்டிய தேவையே இல்லை. தேவையான எண்ணிக்கை முடிந்ததும் ஊசியையும் அதில் கோத்த நூலையும் முடிச்சுகளின் ஊடாக இழுத்துவிட்டால், ஊசி இருந்த இடத்தில் நூல் வந்து நடுநூலாகிவிடும். இதற்கென்று உள்ள ஊசி முனை முதல் காது வரை ஒரே பருமனாக இருக்கும். சாதாரணத் தையல் ஊசியின் காதுப் பகுதி தடித்திருப்பதால், அது முடிச்சுகளுக்குள் புகாமல் முரண்டு பிடிக்கும்.

ஆனால் ஊசியின் பருமன் முடிச்சுக்குள் சிறு இடைவெளியாக எஞ்சிவிடுகிறது. ஆகையால் அதே நூலில் ஷட்டிலால் செய்ததைவிட ஊசி வேலை சற்றுத் தளர்வாகவும் மென்மையாகவும் இருக்கும். விறைப்பாக, துல்லியமாக நிற்கும் டாய்லி வேண்டுமென்றால் நான் ஷட்டிலையே பரிந்துரைப்பேன். விரல் மூட்டு வலி உள்ளவர்களும், முதல் வாரத்திலேயே ஒரு முழு வட்டத்தைப் பார்த்து ஊக்கம் பெற விரும்புகிறவர்களும் ஊசியில் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. (ஜெர்மன் மொழியில் இந்தக் கலைக்குச் 'சிறு படகு வேலை' என்றே பெயர். தமிழிலும் தறியில் ஓடும் கருவியை ஓடம் என்று சொல்லும் வழக்கு இருப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.)

எந்த நூல் வாங்குவது? 10, 20, 40, 80 என்று எண்கள் இருக்கின்றன.

எண் கூடக் கூட நூல் மெலியும். கற்றுக்கொள்ள 10, முதல் டாய்லிக்கு 20 எடுத்துக்கொள்ளுங்கள். 80-ஆம் எண் நூலைக் கை பழகிய பிறகு தொடலாம். எண்ணைவிட முறுக்கே முக்கியம். நன்றாக முறுக்கிய, வழவழப்பான பருத்தி நூல் வேண்டும். ஆறு புரி நூல் கிடைத்தால் மிகவும் நல்லது. ஆங்கில வேதியியலாளர் ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை பெற்ற காரச் சோடா முறையிலிருந்து வளர்ந்த மெர்சரைஸ்டு பருத்தி இதற்கு ஏற்றது. அதன் வழவழப்பு முடிச்சு நழுவ உதவும். எம்பிராய்டரிக்கான பிரிநூல், வளையங்களை இணைக்கப் பயன்படும் குரோஷே கொக்கியில் சிக்கிப் பிரியும். கம்பளி நூலில் முடிச்சு எளிதில் நகராது.

இரண்டாம் சுற்று முடிந்ததும் என் டாய்லி கிண்ணம்போல் குழிந்துவிட்டது. தோழி செய்ததோ ஓரமெல்லாம் கொசுவம்போல் நெளிகிறது. இருவரும் பின்பற்றியது ஒரே வடிவமுறைதான்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உங்கள் சுற்றுக்குச் சுற்றளவு போதவில்லை, அவருடையதற்கு மிஞ்சிவிட்டது. வட்டத்தின் ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு ஏறக்குறைய 6.3 செ.மீ. கூட வேண்டும். முதல் சுற்று முடிந்தபோது மையத்திலிருந்து ஓரம் வரை 3 செ.மீ. இருந்தால் ஓரத்தின் சுற்றளவு சுமார் 18.8 செ.மீ.; அடுத்த சுற்று 2 செ.மீ. உயரம் என்றால் வெளி ஓரம் 31.4 செ.மீ. ஆக வேண்டும். சுற்றில் 12 அலகுகள் (ஒரு வளையமும் ஒரு சங்கிலியும் சேர்ந்தது ஓர் அலகு) இருந்தால், ஒவ்வொன்றும் உட்புறம் 1.6 செ.மீ. அகலத்திலும் வெளிப்புறம் 2.6 செ.மீ. அகலத்திலும் விரிந்து நிற்க வேண்டும். அந்த விரிவைத் தருவது பெரும்பாலும் வளையங்களுக்கு இடையே வரும் சங்கிலிதான்.

வளையம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவாக வரும், ஏனென்றால் அதை முழுவதுமாக இழுத்து மூடிவிடுகிறோம். சங்கிலிக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. நடுநூலை அதிகமாக இழுத்தால் சங்கிலி குறுகி வில்லாக வளையும். விட்டுவிட்டால் நீண்டு தொங்கும். எனவே வடிவமுறையில் உள்ள எண்ணிக்கை, அதை எழுதியவரின் கைக்குப் பொருந்திய எண்ணிக்கை என்றே கொள்ளுங்கள். டாய்லி தொடங்குமுன் அதே நூலில் 20 இரட்டை முடிச்சுகள் கொண்ட சங்கிலி ஒன்றைப் போட்டு அளந்து பாருங்கள். அது 2.5 செ.மீ. வந்தால், உங்கள் கைக்கு ஒரு செ.மீ.க்கு 8 முடிச்சுகள். குழிந்த சுற்றில் 12 சங்கிலிகளுக்கும் தலா 2 முடிச்சுகளைக் கூட்டினால் 24 முடிச்சுகள், அதாவது 3 செ.மீ. கிடைத்துவிடும். நெளிகிற சுற்றில் இதே கணக்கில் குறையுங்கள்.

லேசான நெளிவாக இருந்தால் நனைத்துக் குண்டூசி குத்தி உலர்த்தும்போது சரியாகிவிடும். குழிவு அப்படிச் சரியாகாது, இல்லாத சுற்றளவை நீரால் தர முடியாது. கிண்ணமாகிவிட்ட சுற்றின் மேல் அடுத்த சுற்றைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று தொடர வேண்டாம். அந்தச் சுற்றை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். மனம் வலிக்கத்தான் செய்யும், ஆனால் அந்த டாய்லியை மேசையில் விரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழி கண்ணை உறுத்துவதைவிட இது மேல்.

பிகோக்கள் ஒரே உயரத்தில் வருவதில்லை.

பிகோ என்பது இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே சற்று நூலை விட்டு எழுப்பும் சிறு கண்ணி. அப்படி நீங்கள் விடும் நூலின் பாதியளவே அதன் உயரம், 1 செ.மீ. விட்டால் 5 மி.மீ. கண்ணி எழும். அலங்காரத்துக்கான பிகோக்களுக்கு, தேவையான அகலத்தில் வெட்டிய கெட்டி அட்டைத் துண்டை இடையில் வைத்துப் போடுங்கள். பக்கத்து வளையங்களை இணைப்பதற்கான பிகோக்கள் கொக்கி நுழையும் அளவுக்கு மட்டும் சிறியதாக இருந்தால் போதும்.

சுற்றின் கடைசி வளையத்தை முதல் வளையத்தோடு இணைக்கும்போது மட்டும் பிகோ முறுக்கிக்கொள்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பு வளையங்களைத் தனித்தனியாகச் செய்து, பிறகு ஊசி நூலால் கட்டி இணைத்துவந்தார்கள். வேலையின் போக்கிலேயே பிகோ வழியாக இணைக்கும் முறை வந்த பின்புதான் பெரிய டாய்லிகள் உறுதியாக நின்றன. அந்த முறை தந்த சிக்கல்தான் இது. மற்ற இணைப்புகளில் முந்தைய வளையம் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும். கடைசி இணைப்பில் மட்டும் முதல் வளையம் வலப்பக்கம் இருப்பதால், வேலையை மடித்து அதைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மடிக்கும்போது பிகோ அரைச் சுற்று திரும்பிவிடுகிறது.

கொக்கியைப் பிகோவில் நுழைத்ததும் நூலைப் பிடிக்காமல், முதலில் கொக்கியாலேயே அந்தப் பிகோவை எதிர்த்திசையில் அரைச் சுற்று திருப்புங்கள். பிறகு கை நூலை இழுத்து, ஷட்டிலை அந்தக் கண்ணியில் நுழைத்து எடுங்கள். வளையத்தை மூடுமுன் மடிப்பை விரித்துப் பாருங்கள். பிகோ நேராக இருந்தால் மூடலாம். முறுக்கியிருந்தால் இன்னும் திருத்த வழியிருக்கிறது.

மூடிய வளையத்தில் ஒரு பிகோ குறைந்திருப்பதைப் பிறகுதான் கண்டேன். வெட்டித்தான் ஆக வேண்டுமா?

முடிச்சுகள் மிக இறுக்கமாக இல்லையென்றால் வெட்டத் தேவையில்லை. வளையத்தில் கடைசியாகப் போட்ட பிகோவைத் தேடி, அதன் இருபுறமும் உள்ள முடிச்சுகளை நகங்களால் மெல்ல விலக்குங்கள். பிகோ படிந்து, அடியில் நடுநூல் தெரியும். அதை மழுங்கிய ஊசியால் நெம்பிச் சிறு கண்ணியாக வெளியே எடுத்து, கடைசி முடிச்சுகள் வழியாக ஷட்டில் பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக நூலை உள்ளே இழுத்தால் வளையம் தளர்ந்து திறக்கும். நூல் பிசிறு எழுப்பத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள். நைந்த நடுநூல் பின்னாளில் அறுந்துவிடும்.

நூல் முனைகளை எப்படி மறைப்பது? கடைசியாகக் கஞ்சி போடலாமா?

ஷட்டிலில் நூலைச் சுற்றியபின் பந்திலிருந்து வெட்டாமல் அப்படியே தொடங்கினால், ஆரம்பத்திலேயே இரண்டு முனைகள் குறைந்துவிடும். எஞ்சிய முனைகளை முதலில் சப்பையாகப் படியும் இரட்டைக் கட்டாகக் கட்டி, பிறகு ஒவ்வொரு முனையையும் மெல்லிய ஊசியில் கோத்து, பின்பக்கமாக ஆறேழு முடிச்சுகளின் ஊடாகத் தனித்தனித் திசையில் செலுத்தி வெட்டுங்கள். பசையை மட்டும் நம்ப வேண்டாம், சில ஆண்டுகளில் அது மஞ்சளித்து விறைக்கும்.

நிற நூலானால் முதலில் ஒரு நூல் துண்டை வெள்ளைத் துணியில் ஈரமாக அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பின்பு டாய்லியை மென்மையான சோப்பு நீரில் அலசி, துண்டில் ஒற்றியெடுத்து, தாளில் வரைந்த வட்டத்தின் மேல் விரித்து மையத்திலிருந்து வெளியே நோக்கிக் குண்டூசி குத்துங்கள். ஓரப் பிகோக்களை ஒவ்வொன்றாக இழுத்துக் குத்த வேண்டும். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்கட்டும். கஞ்சி போடலாம், நீர்த்ததாக, பின்பக்கத்தில் மட்டும். முழுவதும் உலர்ந்த பிறகே ஊசிகளை எடுங்கள்.