கணவரின் கையெழுத்து எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

விவாகரத்தையும் கருக்கலைப்பையும் சட்டம் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்பது பற்றி ஈரோடு, கோவை, சேலம் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. ஊர் மட்டும் இருக்கிறது.

காங்கயத்திலிருந்து ஒரு வாசகி: ‘எனக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கணவர் வீட்டில் அடியும் ஏச்சும் தாங்காமல் இரண்டு மாதங்களாக அப்பா வீட்டில் இருக்கிறேன். வந்த பிறகுதான் கர்ப்பம் என்று தெரிந்தது. இப்போது 11 வாரம். இன்னொரு குழந்தையைப் பெற்று வளர்க்கும் நிலையில் நான் இல்லை. மருத்துவமனையில், கணவரை அழைத்து வந்து கையெழுத்துப் போட வைத்தால்தான் ஆகும் என்கிறார்கள். அண்ணனோ, அவருக்குத் தெரியாமல் செய்தால் நாளைக்கு விவாகரத்து வழக்கில் அதையே நம் மேல் திருப்புவார்கள் என்று பயப்படுகிறார். யார் சொல்வது சரி?’

மருத்துவமனை சொன்னது சட்டப்படி தவறு. அண்ணன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இருக்கக் கூடாத உண்மை அது என்பது என் கருத்து.

1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறைந்த, மனநலம் உள்ள பெண்ணின் சம்மதத்தைத் தவிர வேறு எவருடைய சம்மதத்தையும் கேட்கவில்லை. விதிகளோடு வரும் ‘சி’ படிவத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். இன்னாருடைய மகள் அல்லது மனைவி என்று எழுத ஓர் இடம், வயது, முகவரி, கருவைக் கலைக்கச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வாக்கியம், கீழே உங்கள் கையெழுத்து. கணவர் பெயரை எழுதும் இடம் நீங்கள் யார் என்று காட்டத்தானே ஒழிய, அவருடைய அனுமதியைக் காட்ட அல்ல. காப்பாளருக்கென்று விட்டிருக்கும் இடம் பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உரியது. அந்த இடத்தில் கணவரை நிறுத்துவது பல மருத்துவமனைகள் பிற்பாடு தகராறு வரக் கூடாது என்று தாங்களாகவே வகுத்துக்கொண்ட வழக்கம். பிரிந்து வாழ்ந்த மனைவி தன் அனுமதியின்றிக் கருக்கலைப்புச் செய்துகொண்டார் என்று மனைவி மீதும் மருத்துவர்கள் மீதும் ஒரு கணவர் இழப்பீட்டு வழக்கே தொடுத்துப் பார்த்தார். பஞ்சாப் – அரியானா உயர் நீதிமன்றம் 2011இல் அவருக்கு அந்த உரிமை இல்லை என்றது. உச்ச நீதிமன்றமும் 2017இல் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண் விரும்பினால் போதும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. கருக்கலைப்பைக் குற்றமாக வைத்துக்கொண்டு (முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு), மருத்துவர் நல்லெண்ணத்துடன் ஒரு கருத்துக்கு வந்தால் குற்றமில்லை என்று விலக்குத் தருகிறது, அவ்வளவுதான். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான பாதிப்பு வரும் என்று அவர் கருத வேண்டும். அப்படிக் கருதும்போது அவள் வாழும் சூழலையும், இனி அமையக்கூடிய சூழலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. அடி வாங்கித் தாய்வீடு வந்திருக்கும் உங்கள் நிலைமையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் குறிப்பு அண்ணனுடைய பயத்துக்கும் மருந்து. உச்ச நீதிமன்றம் 2007இல் சமர் கோஷ் வழக்கில் மனக் கொடுமை எவையெவை என்று ஒரு பட்டியல் கொடுத்தது. மருத்துவக் காரணம் இல்லாமலோ, கணவருக்குத் தெரியாமலும் சம்மதம் இல்லாமலுமோ மனைவி கருக்கலைப்புச் செய்துகொள்வது மனக் கொடுமையாகலாம் என்பதும் அதில் ஒன்று. பதினாறு ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகளில் வழக்கறிஞராக நிற்கும் நான் எதிர்த்தரப்பு மனுக்களில் இந்த வரியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு சட்டம் ‘உன் கையெழுத்துப் போதும்’ என்று ஆஸ்பத்திரி வாசலில் சொல்கிறது; இன்னொரு சட்டத்தின் கீழ் எழுந்த தீர்ப்பு அதே கையெழுத்தைக் குடும்பநல நீதிமன்றத்தில் அவளுக்கு எதிரான சான்றாக நீட்டுகிறது. கருவைச் சுமப்பதா என்ற முடிவு அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009இல் அதே உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. அதற்குப் பிறகும் 2007ஆம் ஆண்டு வரியைப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. அது ‘கொடுமையாகலாம்’ என்றுதான் சொல்கிறது, ‘ஆகும்’ என்று சொல்லவில்லை. மருத்துவரின் எழுத்து மூலமான காரணம் இருந்தால் அந்த வாதத்தின் வலு வெகுவாகக் குறைந்துவிடும்.

கையெழுத்து கிடைக்கவில்லை என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே முடித்துக்கொள்ள மட்டும் நினைக்காதீர்கள். மாத்திரை முறைக்கு விதிகள் வைத்திருக்கும் 9 வார எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் பெயரை வெளியிடுவது மருத்துவருக்குக் குற்றம்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தந்தை: ‘மகளும் மருமகனும் ஒத்துவராமல் இரண்டு வருடங்களாகத் தனித்தனியாக இருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை என்று 100 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் முத்திரையும் வாங்கிவிட்டோம். இப்போது மகளுக்கு நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது. முகூர்த்தம் குறிக்கலாமா?’

குறிக்காதீர்கள் ஐயா. அந்தப் பத்திரம் இரண்டு பேரும் மனம் ஒத்துப் பிரிந்தார்கள் என்பதற்குச் சான்றாகலாம்; திருமணத்தை அது முறிக்காது. இப்போது மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது என்பதோடு, முதல் கணவர் உயிரோடு இருக்கையில் மணந்த குற்றத்துக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது.

சாதி வழக்கப்படி அறுத்துக் கட்டுவது, அதாவது ஊரார் முன்னிலையில் உறவை முறித்து மறுமணம் செய்வது, முன்பு இருந்ததுதானே என்று கேட்பீர்கள். இருந்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அத்தகைய வழக்கங்களை 29ஆம் பிரிவில் விட்டும் வைத்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்து வருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியவர் அதைச் சொல்பவரே. நம் பக்கம் கல்யாணச் சடங்கு நடத்தும் அருமைக்காரர் வந்து இணைச்சீரும் பிற சீர்களும் வரிசையாகச் செய்து வைக்கிறார். சேர்த்து வைக்க இத்தனை சீர்கள் உண்டு, பிரித்து வைக்க ஒரு சீரும் நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நாடு முழுவதற்கும் 1955இல் கிடைத்த விவாகரத்து உரிமை, பழைய சென்னை மாகாணத்தில் இருந்த கோவை, சேலம் மாவட்டத்து இந்துக்களுக்கு 1949ஆம் ஆண்டின் மாகாணச் சட்டத்திலேயே கிடைத்துவிட்டது. நீதிமன்றத்துக்குப் போவதைக் கேவலம் என்று நினைப்பவர்கள், தாத்தா காலத்திலேயே அந்தக் கதவு திறந்துவிட்டது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு வழி எளிது. இருவரும் சேர்ந்து இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, மனம் ஒத்துப் பிரிய மனு கொடுக்கட்டும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அது ஆகிவிட்டது. மனு கொடுத்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை, ஏற்கெனவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்து, கொடுக்கல் வாங்கல், குழந்தை விவகாரங்களெல்லாம் தீர்ந்து, சமரசத்துக்கு வழியில்லை என்று ஆனவர்களுக்கு நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரத்தில் நகையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மகளுக்குப் போட்ட பவுன் மகளுடைய சொத்து; அது திரும்பி வந்த பிறகு மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ‘எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் விவாகரத்துச் சட்டத்தை எளிதாக்க வேண்டும் என்ற அணியில் பேசுகிறேன். எளிதாக்கினால் குடும்பம் சிதையும் என்று எதிரணி சொல்லும். அயர்லாந்தில் இதையெல்லாம் மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார்களாமே, இங்கும் அப்படிச் செய்யலாமா?’

அயர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது உங்கள் அணிக்கு மட்டும் உதவும் என்று நினைத்துவிட வேண்டாம். 1986இல் விவாகரத்தை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது அந்த நாட்டு மக்கள் வேண்டாம் என்றார்கள். 1995இல் மறுபடியும் கேட்டபோது சுமார் 9,000 வாக்கு வித்தியாசத்தில் சரி என்றார்கள். 1983இல் கருக்கலைப்புத் தடையை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்த அதே நாடு, 2012இல் கர்நாடகத்துப் பெல்காமைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் கருச்சிதைவின்போது உரிய நேரத்தில் கருக்கலைப்பு மறுக்கப்பட்டுக் கால்வே நகரில் இறந்த பிறகு கொதித்தெழுந்து, 2018இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்தத் தடையை எடுத்துப் போட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தத் தடையின் கீழ் வாழ்ந்த பெண்களுக்கு அந்த வாக்கெடுப்பு காலம் கடந்த நீதி. நம் அரசியல் சாசனத்தில் மக்கள் வாக்கெடுப்புக்கு இடமில்லை. இந்த விஷயத்தில் அது நல்லதென்றே நினைக்கிறேன். தனி ஒருத்தியின் வாழ்க்கையை ஊர் கூடிக் கைதூக்கி முடிவு செய்வதை நாம் கட்டப்பஞ்சாயத்து என்ற வேறு பெயரில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்து வாழவே முடியாதபடி முறிந்துபோன திருமணத்தை, யார் மேல் தப்பு என்று தோண்டாமல் கலைக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978இலேயே பரிந்துரைத்தது. அதற்கான மசோதாவை மாநிலங்களவை 2013இல் நிறைவேற்றியது. மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாகிவிட்டது. 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, உச்ச நீதிமன்றம் மட்டும் அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவின்படி அப்படிக் கலைக்கலாம் என்றது. ஈரோட்டுக்காரர் அதற்காக டெல்லி வரை வழக்கை இழுத்துப் போக வேண்டும். இருவரும் ஒத்து மனு கொடுத்தால் தவிர, கீழ் நீதிமன்றத்தில் இன்றும் கொடுமை, கைவிடல், தகாத உறவு என்று ஒன்றை நிரூபித்தாக வேண்டியிருப்பதால், ஒத்துவராத இருவர் ஒருவர் மேல் ஒருவர் இல்லாத பழியைச் சுமத்துகிறார்கள். குடும்பத்தைச் சிதைப்பது இந்தப் பழிதான் என்று எதிரணிக்குச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த மசோதாவில் கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்கு ஒரு பங்கு என்றும் ஓர் ஏற்பாடு இருந்தது. அதை விட்டுவிட்டுச் சட்டத்தை எளிதாக்குவதை நான் எதிர்ப்பேன். கோவை நீதிமன்ற வராந்தாவில் சென்ற மாதம் ஓர் அம்மிணி மஞ்சப்பையிலிருந்து கல்யாண மொய் நோட்டை எடுத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் அப்பா பென்சிலில் எழுதி வைத்த நகைக் கணக்கு மட்டும்தான் அவருக்கிருந்த ஒரே ஆவணம். பதினெட்டு ஆண்டுகள் அவரும் தறி ஓட்டிக் கட்டிய வீடு மாமனார் பெயரில் இருந்தது. தாய்வீட்டுப் பூமிக்கோ, சீர் செய்தாகிவிட்டது என்று சொல்லி அண்ணன்மார் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தார்கள். 1989இலேயே தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தும் அதுதான் நிலைமை. இவருக்கு ‘எளிதான விவாகரத்து’ என்றால் எளிதாகத் தெருவுக்கு வருவது என்றுதான் பொருள்.

ஓமலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ‘கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தியதால்தான் பெண் சிசுக்கள் கருவிலேயே அழிகின்றன. அதை இறுக்க வேண்டாமா?’

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது என்பதை அறிந்த உங்கள் வேதனை புரிகிறது. பெண் கிடைக்காமல் நாற்பதைத் தொடும் மாப்பிள்ளைகளுக்குத் தரகர்கள் பாலக்காட்டில் பெண் தேடும் நிலை நம் பக்கத்தில் எதனால் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது; இறுக்க வேண்டியது ஸ்கேன் அறையை. கருக்கலைப்புச் சட்டம் தளர்ந்ததாகச் சொல்வதும் ஓரளவுக்குத்தான் சரி. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு மட்டுமே 24 வாரம் வரை நீட்டித்தது; அதில் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 26 வாரக் கருவோடு 2023இல் வந்த மணமான பெண்ணுக்கு அதே நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

மேலே காங்கயத்துச் சகோதரிக்குச் சொன்ன விதிதான் உங்கள் கவலைக்கும் காவல். பெண்ணின் சம்மதம் மட்டுமே செல்லும் என்றால், கலைக்காதே என்று தடுக்கக் கணவருக்கு அதிகாரமில்லை என்பது போலவே, கலைத்துவிடு என்று வற்புறுத்த மாமியாருக்கும் அதிகாரமில்லை. அவளுடைய சம்மதமின்றிக் கருவைக் கலைத்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டாவதும் பெண் என்று தெரிந்து மேட்டூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று கொல்லைப்புறத்துத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்ட மருமகளுக்காக நான் ஆஜராகியிருக்கிறேன். அந்தக் குழந்தை இந்த ஜூனில் பள்ளியில் சேர்ந்தது.