ஓர் ஆட்டுக்கு எத்தனை முழம் கயிறு?

அன்புள்ள அண்ணா,

நாங்கள் ஐந்து நண்பர்கள் சனிக்கிழமைகளில் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. ஆட்டத்தை நடத்துவது நான். அரக்கனைக் கொன்று பொற்காசு அள்ளுவது எல்லோருக்கும் அலுத்துவிட்டது. காசைக் குறித்துவைக்கக்கூட ஆளில்லை. ஆகவே என் உலகில் நாணயத்தையே ஒழித்து, இனி எல்லாம் பண்டமாற்று என்று அறிவித்தேன். இப்போது ஓர் ஆட்டுக்கு எத்தனை முழம் கயிறு என்ற பேரத்திலேயே பாதி இரவு போகிறது. பழையபடி காசுக்குத் திரும்பிவிடலாமா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

திரும்புங்கள், ஆனால் பாதி வழி மட்டும். கயிறும் தீவட்டியும் சத்திரத்துச் சாப்பாடும் காசுக்கே விற்கட்டும். அவற்றுக்குப் பேரம் பேசுவது யாருக்கும் இன்பமில்லை.

பொன் அலுத்ததற்கு உங்கள் நண்பர்களைக் குறை சொல்லாதீர்கள். 1974இல் இந்த விளையாட்டு வெளிவந்த காலத்தில், குகையிலிருந்து மீட்டுவந்த பொன்னே, பாத்திரத்தை வலுவாக்கும் அனுபவப் புள்ளியாகவும் கணக்கிடப்பட்டது. பின்னர் அந்த விதி நழுவிப்போனது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் முக்கியமாக எதிரிகளை வென்றே புள்ளி சேர்க்கிறோம். நல்ல கவசம் ஒன்று வாங்கியபின் பொன்னுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

அதே பதிப்பின் விலைப்பட்டியலில் ஓர் இறாத்தல் கறுவா, அதாவது இலவங்கப்பட்டை, இரண்டு பொற்காசு. ஒரு செம்மறியாடும் இரண்டு பொற்காசு. கறுவாத்தோட்டம் என்று ஒரு வட்டாரத்துக்கே பெயர் வைத்த கொழும்பில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. எவரும் எங்கும் பட்டியல் விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்றால் கறுவாவும் காசுதான். கொஞ்சம் மணக்கும், அவ்வளவே.

ஒல்லாந்தர் காலத்தில் இங்கே நிலைமை வேறு. கறுவா ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் தனியுரிமை. திருட்டுத்தனமாக விற்பது மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றம். இதை அப்படியே உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். பாழடைந்த பண்டகசாலையில் எட்டுக் கட்டுக் கறுவா கிடைக்கிறது. துறைமுகத்தில் விற்க முடியாது. காவலரணைக் கடக்கும்போது மணமே காட்டிக்கொடுக்கும். ஆற்றில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாங்கத் துணிகிறவன் ஒருவன்தான், மலைநாட்டு அரசனின் ஆள். அவனிடம் காசு இல்லை. கணவாயைக் கடக்க அனுமதி தருவான், அல்லது ஒரு யானை, அல்லது கொஞ்சம் வயல். நம் தீவின் அரசர்கள் சேவைக்கு ஈடாக நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்தோடு கடமையும் சேர்ந்தே வந்தது. உங்கள் குழுவில் திருடன் பாத்திரமாக வருகிறவனுக்கும் வயல் கிடைக்கட்டும். போர் மூண்டால் ஆள் அனுப்பும் பொறுப்பும் அவன் தலையிலேயே விழட்டும். அடுத்த சனிக்கிழமைக்கு நீங்கள் கதை தேடி அலைய வேண்டியதில்லை.

எனவே புதையலை எழுதும்போது பொருளுக்கு முன் அதற்காக ஏங்குகிறவனை எழுதுங்கள். அவன் யார், ஏன் அவனுக்கு அது வேண்டும், பதிலுக்கு எதை இழக்கத் தயார் என்பது தெரிந்துவிட்டால் பொருள் எதுவாகவும் இருக்கலாம்.

நாணயத்தை ஒழித்தது ஏன் சரிவரவில்லை என்பதற்கு நம் இலங்கை அரசாங்கமே உதாரணம். 2021 டிசம்பரில், ஈரானுக்குத் தரவேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்க்க உடன்பட்டார்கள். கப்பலில் போகவேண்டியது தேயிலை, கணக்கு டொலரில். உங்கள் உலகிலும் பொற்காசு அப்படிக் கணக்கில் மட்டும் இருந்தால் போதும்.

புதையலில் என்னென்ன வைக்கலாம் என்று பட்டியல் வேண்டுமென்றால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் நில்லுங்கள். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழில் உள்ளது தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரக் கோயிலின் தெய்வத்துக்கு. பொன், வெள்ளி மட்டுமல்ல. பட்டு, விளக்கு, நறுமண எண்ணெய் எல்லாம் உண்டு. பொன்னை உருக்கிவிடலாம். கோயில் விளக்கை எந்தச் சந்தையில் விற்பது? அதை உங்கள் நண்பர்களே தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

பேரத்துக்குப் பகடையை ஒருமுறை உருட்டினால் போதும். மறுபேச்சு பேசினால் வியாபாரி கடையைச் சாத்திவிட்டுப் போய்விடட்டும்.