ரிப்போர்ட்டில் நான்கு ‘ஆர்’

கேள்வி: ஆறு மாதத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு. மெடிக்கலில் வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் முன்பு கேட்டது, இப்போது கேட்கவில்லை. கல்ச்சர் ரிப்போர்ட்டில் நான்கு மருந்துக்கு எதிரே ‘ஆர்’, இரண்டுக்கு ‘எஸ்’. கிருமிக்குள் பம்பு இருக்கிறது, இனி எந்த மருந்தும் கேட்காது என்று செல்போனில் படித்தேன். என் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? பிள்ளைகளின் துணியைத் தனியாகத் துவைக்கிறேன்.
- வாசகி (38), குளச்சல்

பதில்: துணியை ஒன்றாகவே துவையுங்கள். அந்த ‘ஆர்’ (ரெசிஸ்டென்ட், மருந்துக்கு அடங்காது) உங்கள் நீர்க்கடுப்புக்குக் காரணமான ஈ.கோலை என்ற குடல் கிருமிக்குப் போட்ட மார்க்; ‘எஸ்’ (சென்சிடிவ்) என்றால் அந்த மருந்து கேட்கும். உங்கள் உடம்புக்கு அதில் பங்கில்லை.

பம்பு நிஜம்தான். வள்ளத்தில் தண்ணீர் ஏறினால் கோரி வெளியே ஊற்றுவார்களே, அதே வேலை. கிருமியின் சுவரில் உள்ள புரதக் குழாய், உள்ளே வரும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை இப்படித் தள்ளுவதை 1980-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். குடலில் பித்தநீருக்கு நடுவே பிழைக்க ஈ.கோலைக்கு இது பிறவியிலேயே உண்டு. ஒரே பம்பு, சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு மருந்துகளைக்கூடத் தள்ளிவிடும்.

ஆனாலும் முழு அளவு மருந்து ஏறினால் பெரும்பாலும் கோரி மாளாது. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? எரிச்சல் நின்றதும் மீதி மாத்திரை ஃபிரிட்ஜ் மேல் டப்பாவுக்குப் போயிருக்கும். அடுத்த முறை அதே மீதி. அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைப்பவை பம்பு அதிகம் வைத்திருக்கும் கிருமிகள். கிடைத்த அவகாசத்தில், சிப்ரோ போய் ஒட்டும் இடத்தையும் அவை மாற்றிக்கொள்ளும். மெடிக்கல்காரரைத் திட்ட வேண்டாம்; கேட்டு வாங்கியது நீங்கள்.

நான்கு ‘ஆர்’ கண்ணில் பட்டது, இரண்டு ‘எஸ்’ படவில்லையா? அந்த இரண்டில் உங்களுக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. உடம்பு தூக்கிப்போடும் குளிரோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கமாக வலி, வாந்தி. இப்படி வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே கொள்ளுங்கள். நீர்க்கடுப்புக்கு நன்றாகக் கேட்கும் நைட்ரோஃபுரான்டாயின்கூட அங்கே போதிய அளவு சேராது. விடியட்டும் என்று கஞ்சித்தண்ணி குடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, அதைவிடப் பக்கத்தில் ஊசி வழியாக மருந்து ஏற்றும் ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள். ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாவைத் தொடாதீர்கள்.