குழந்தை மார்பில் குடிக்கவில்லை, பால் எடுத்தே கொடுத்துச் சமாளிக்க முடியுமா?

முடியும். நான் ஏழு மாதம் அப்படித்தான் கொடுத்தேன். குழந்தை பிறந்து மூன்று வாரம், மார்பைப் பிடிக்கவில்லை, நாளுக்கு ஆறு தடவை பம்ப் வைத்தும் தடவைக்கு 40 மில்லிதான் வருகிறது, இரவில் எழுவதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கும்போதே என் பழைய நாட்கள் கண்முன் வந்துவிட்டன.

என் மகள் 34 வாரத்தில் பிறந்தாள். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற பக்குவம் குழந்தைகளுக்கு அந்தச் சமயத்தில்தான் கூடிவரத் தொடங்கும். அவளுக்குக் கூடவில்லை. முதல் இரண்டு நாள் பம்ப் வைத்தால் சீம்பால் மார்பில் பொருத்தும் புனலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒரு செவிலியர் பம்பை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்த வேண்டும், அப்புறம் விரல்களைச் சேர்க்க வேண்டும். தோலை இழுக்கக் கூடாது. மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு நிற்கும். அதை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுப்பார். 2 மில்லி சேர அரை மணி நேரம் ஆனது. அது குழாய் வழியாக அவள் வயிற்றுக்குப் போவதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

சரி, உங்கள் 40 மில்லிக்கு வருகிறேன். ஒரு தடவையின் அளவைப் பார்க்காதீர்கள், 24 மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் மாதம் முடிந்தபின் நாளுக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும்; குழந்தைக்குக் குழந்தை இது மாறும். உங்களுக்கு இப்போது 240 வருகிறது. குறைவுதான், ஆனால் நீங்கள் எடுப்பதும் ஆறே தடவை. பால் மார்பில் தேங்கினால் சுரப்பு தானாகக் குறையும், காலியானால் கூடும். அதனால் எட்டிலிருந்து பத்துத் தடவை எடுங்கள், ஒவ்வொன்றும் 15, 20 நிமிடம் போதும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இதுதான் பலன் தரும். பம்ப் ஓடும்போதே மார்பைக் கையால் மெல்ல அமுக்கிவிடுங்கள், முடிந்தபின் ஒரு நிமிடம் கையால் பீய்ச்சுங்கள். எனக்கு அதிலேயே கூடுதலாக 20 மில்லி வந்தது. புனல் அளவையும் பாருங்கள். காம்பு உராய்ந்து வலித்தால் அளவு சரியில்லை. நான் சிறிய புனலுக்கு மாறிய அன்றே வலி போனது.

சுரப்பு கூடும்வரை குழந்தை பசியோடு இருக்கக் கூடாது. எடை ஏறுகிறதா, நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள். குறையும் அளவுக்கு என்ன கொடுப்பது என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். மார்பில் கட்டியும் காய்ச்சலும் வந்தாலும் தாமதிக்காமல் போங்கள்.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். உறைந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இளக்கினால், முழுதும் இளகிய 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், அங்கங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும். மேலே ஆடை கட்டியதுபோல் பிரிந்து நிற்பது கொழுப்பு. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

ஒன்று மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சிலரின் பாலில் லைபேஸ் என்ற நொதியின் வேலையால், உறைய வைத்து இளக்கினால் சோப்பு வாடை அடிக்கும். கெட்டுப்போனதாக நினைத்து நான் பதினோரு பை பாலைக் கொட்டினேன். அந்தப் பாலால் கெடுதல் இல்லை. சில குழந்தைகள் வாங்காது, அவ்வளவுதான். நிறையச் சேர்ப்பதற்கு முன் ஒரு பையை இளக்கி முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால், இனி எடுக்கும் பாலை ஓரத்தில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, உடனே ஆறவைத்து உறைய வையுங்கள்.

கொடுக்கும்போது குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாட்டிலைப் படுக்கைவாட்டில் வையுங்கள். மெதுவாக வரும் நிப்பிள் நல்லது. நடுநடுவே நிறுத்தினால் வயிறு நிறைந்ததும் தானே தலையைத் திருப்பிக்கொள்ளும். பிற்பாடு மார்பைப் பிடிக்கவும் இது உதவும், அதனால் அந்த முயற்சியையும் விடாதீர்கள்.

இரவு எழுவதை இப்போது விடாதீர்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். நான் பன்னிரண்டாவது வாரம்வரை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அவள் போர்த்திய துணியை முகர்ந்துகொண்டே உட்காருவேன், பால் சீக்கிரம் இறங்கும். பம்பின் பாகங்களைக் கழுவும் வேலையை இரவில் கணவர் எடுத்துக்கொண்டார்; உங்கள் வீட்டிலும் அதை யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.