18650 செல்லை வைத்ததுமே பச்சை விளக்கு எரிந்தால்

டார்ச்சில் போடும் 18650 செல்லை (திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் லித்தியம்-அயன் பேட்டரி) சார்ஜரில் வைத்ததுமே பச்சை எரிகிறது, புது சார்ஜர் வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். செல்லை வைத்ததும், சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சிவப்பே வராமல் பச்சை எரிகிறது, ஆனால் டார்ச் மங்குகிறது என்றால், செல்லுக்குள் மின்சாரம் போகவில்லை என்று பொருள். நீங்கள் இருப்பது கடலோரக் காசிமேடு. உப்புக்காற்றில் சார்ஜரின் ஸ்பிரிங்கும் தகடும் பாசி பிடித்ததுபோல் பச்சை பூத்திருக்கும் என்பதே என் முதல் சந்தேகம்.

செல் உள்ளே இருக்கும்போதே, வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்: முதலில் செல்லின் இரு முனைகளில், பிறகு சார்ஜரின் தகடுகளில். செல்லில் 3.3 வோல்ட், தகட்டில் 4.2 என வந்தால் கோளாறு தொடுமிடத்தில்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்துத் துடையுங்கள்.

செல்லே 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் தயவுசெய்து அதை மீட்க முயலாதீர்கள். உள்ளே தாமிரம் கரைந்து ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். முனைகளில் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.