பெர்த் (ஆஸ்திரேலியா) – லண்டன் நேரடி விமானம்: பத்து மணி நேரம்தானா?

"பெர்த்தில் மாலை 7 மணிக்கு ஏறினால் காலை 5 மணிக்கு லண்டன், பத்து மணி நேரம்தானே, அம்மா தாங்குவார்" என்று எழுதியிருந்தீர்கள். இல்லைங்க. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டனில் கோடைக்காலமாக இருக்கும்போது அந்த ஊர் நேரம் பெர்த்தைவிட 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும், ஆகவே பயணம் 17 மணி நேரம். தூரம் சுமார் 14,500 கி.மீ. திரும்பும்போது கொஞ்சம் குறையும். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் போகையில் அது எதிர்க்காற்று.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, நானாக இருந்தால் சிங்கப்பூரில் ஒரு இரவு தங்கிப் போவேன். அந்த வழியில் தூரம் சுமார் 300 கி.மீ.தான் கூடும். அப்புறம், எந்த விமானமானாலும் நடைபாதையோர இருக்கையை இப்போதே எடுத்துவிடுங்கள்.